பாலக்கோட்டுப் பல்

ஜூன் 3, செவ்வாய்

தண்ணீரைப் பற்றிக் கேட்கிறார் மனிதர்!

பெண் பார்க்க வருவதற்கு முன்னால் இரண்டு பேரும் போனில் நாலு வார்த்தை பேசிக்கொள்ளட்டும் என்று அண்ணன் நம்பர் கொடுத்தார். படிப்பைக் கேட்கலாம், வேலையைக் கேட்கலாம், ரசம் வைக்கத் தெரியுமா என்றுகூடக் கேட்டுத் தொலைக்கலாம். இந்த ஓசூர்க்காரர், பெயர் சென்னகேசவன், நன்றாகத்தான் ஆரம்பித்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நிற்கிறேனே, கால் வலிக்காதா என்றார். “ஒரு ஸ்டூல் போட மாட்டாங்களா? கேளுங்க. அதெல்லாம் வாயத் தொறந்து கேக்கணுங்க” என்றார். எனக்கும் பிடித்து… இல்லை, பரவாயில்லை என்று இருந்தது. திடீரென்று கேட்டார்.

“சின்ன வயசுல என்ன தண்ணிங்க குடிச்சீங்க? ஆத்துத் தண்ணியா, போர் தண்ணியா?”

“போர் தண்ணிதாங்க. பாலக்கோடு பக்கம் அப்ப வேற என்ன இருந்துச்சு?”

“ஓ… சரிங்க. சரிங்க, சரிங்க.”

அவ்வளவுதான், வைத்துவிட்டார். எதற்கு அத்தனை ‘சரிங்க’?

எனக்குத் தெரியாதா என்ன கேட்கிறார் என்று? எங்கள் பக்கத்து போர் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் காவி ஏறிவிடும். தேய்த்தாலும் போகாது, உப்பு வைத்தாலும் போகாது. ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான் என்பதால் யாருக்கும் அது தெரியாது. சேலத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்த பிறகுதான் எனக்கே அப்படி ஒன்று இருப்பது தெரிந்தது. “பல்லு காவியா?” என்று நேராகக் கேட்டிருந்தால் நானும் நேராகப் பதில் சொல்லியிருப்பேன். தண்ணீர், ஆறு என்று சுற்றி வளைத்து இன்ஸ்பெக்டர் மாதிரி விசாரிக்கிறார்.

போட்டோவை எடுத்து மறுபடி பார்த்தேன். வாயை இறுக்க மூடிக்கொண்டு உம்மென்று நிற்கிறார். சரியான திமிர். என் போட்டோவிலும் வாய் மூடித்தான் இருக்கிறது, ஆனால் அது வேறு.

ஜூன் 4, புதன்

போன் வரவில்லை. வந்தால் என்ன, வராவிட்டால் என்ன.

ஜூன் 6, வெள்ளி

ஓசூரிலிருந்து அவருடைய தாய்மாமா அண்ணனுக்குப் பேசியிருக்கிறார். ஆடி பிறந்துவிட்டால் எதுவும் பேச முடியாது, அதனால் இருபத்திரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமையே வருகிறார்களாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேண்டாம் என்று சொல்லத்தானே தண்ணீர் விசாரணை? பிறகு எதற்கு வருகிறார்கள்? கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளவா?

போன வருஷம் ஈரோட்டிலிருந்து வந்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள். பையனுடைய அம்மா கேசரியை வாயில் வைத்துக்கொண்டே, “கொஞ்சம் சிரிம்மா, பாப்பம்” என்றார். சிரித்தேன். கேசரி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதோடு சரி.

ராத்திரி பாத்திரம் கழுவும்போது அண்ணியிடம் தண்ணீர் விஷயத்தைச் சொன்னேன். அண்ணி மேட்டூர்க்காரர். பல்லெல்லாம் அரிசி மாதிரி இருக்கும், அந்தப் பெருமை அவருக்கு எப்போதும் உண்டு.

“எங்களுக்கெல்லாம் காவேரித் தண்ணி புள்ள, அந்தக் கவலையே இல்ல. இதுக்கெல்லாம் இப்ப டாக்டரே இருக்காங்க. பல்ல வெளுத்துக் குடுக்கறாங்களாம். போயிட்டு வந்துடேன்.”

“யாருக்காக நான் வெளுத்துக்கணும்?”

“அந்த ஓசூர்க்காரனுக்குத்தான். வேற யாருக்கு?”

தட்டைப் பட்டென்று வைத்தேன். நான் போனால் எனக்காகப் போவேன்.

ஜூன் 9, திங்கள்

போனேன். எனக்காக.

டாக்டர் பெயர் ஷஹனாஸ். என்னைவிடச் சின்னப் பெண். நாற்காலியில் சாய்த்து, விளக்கை முகத்தில் அடித்து, “ஆ காட்டுங்க” என்றார். காட்டினேன். ஒரே வினாடி பார்த்தார். “தர்மபுரி பக்கமாங்க?”

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. ஆதார் அட்டையா நான் வாய்க்குள் வைத்திருக்கிறேன்? ஆனால் அந்தப் பெண் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனார். இது மேலே படிந்த கறை இல்லையாம், பல் முளைக்கும்போதே உள்ளே கலந்துவிட்ட நிறமாம். வெறுமனே வெளுக்க வைத்தால் போகாதாம். முதலில் கிளீனிங், பிறகு மேற்பரப்பைப் பொடி போட்டு லேசாகத் தேய்க்க வேண்டும், அதன் பிறகு மருந்து வைத்து வெளுக்க வைப்பது. “முழுசாப் போகும்னு சத்தியம் பண்ண மாட்டேங்க. நல்லா கொறையும்” என்றார்.

பெயிண்ட் கடையில் காட்டுகிற கலர் அட்டை மாதிரி, வரிசையாகப் பொய்ப்பல் கோத்த ஒரு பட்டையை எடுத்து என் பல்லோடு ஒட்டிப் பார்த்தார். கடைசிப் பல் வரைக்கும் வந்தும் என் நிறம் கிடைக்கவில்லை. “பட்டைலயே இல்லீங்க உங்க கலரு” என்று சிரித்தார். கோபப்பட வேண்டிய இடம்தான். ஆனால் நானும் சிரித்துவிட்டேன், கையை வாய்மேல் வைத்துக்கொண்டு.

“கையை எடுங்க மேடம். நான் டாக்டர்.”

ஜூன் 12, வியாழன்

கிளீனிங் முடிந்து தேய்த்தும் விட்டார்கள். கரகரவென்று சத்தம். வாசல்படியில் கோலக்கறை தேய்ப்பது போல என் பல்லைத் தேய்க்கிறார்களே என்று படுத்துக்கொண்டே நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் பழுப்பு குறைந்திருந்தது. அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. சாயந்திரம் ஓசூர்க்காரர் போன் செய்தார். ஸ்டூல் கேட்டேனா என்றார். கேட்கவில்லை என்றேன். “அட, கேளுங்கன்னு சொன்னேன் இல்ல” என்று கோபித்துக்கொண்டார். இந்தத் தடவை தண்ணீர் பேச்சு இல்லை. பேச்சு அதுபாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அண்ணி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோதுதான் இருட்டிவிட்டது தெரிந்தது.

ஸ்டூல் நாளைக்கே கேட்டுவிட வேண்டும். கால் உண்மையிலேயே வலிக்கிறது, அதற்காக.

ஜூன் 16, திங்கள்

இன்றுதான் வெளுப்பது. உதட்டை நாலு பக்கமும் இழுத்துப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் வளையம் மாட்டினார்கள். ஈறு வெந்துவிடாமல் இருக்க அதன்மேல் நீலப் பசை. பல்லில் மருந்து. கண்ணுக்கு ஆரஞ்சுக் கண்ணாடி. கடையில் எத்தனை பேருக்குக் கண்ணாடி மாட்டிவிட்டிருப்பேன், எனக்கு ஒருத்தர் மாட்டிவிட்டது இதுதான் முதல் தடவை.

சின்ன வயதிலிருந்து பூட்டி வைத்த வாயை ஒரு அறையே பார்க்கும்படி திறந்து போட்டுக்கொண்டு கிடந்தேன். கை தானாக மேலே வந்தது. டாக்டர் பிடித்து வயிற்றின் மேல் வைத்தார். மறுபடி வந்தது. கடைசியில் அந்தப் பெண் என் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்துகொண்டார்.

கூச்சம் என்றால் அப்படியொரு கூச்சம். முன்பல்லில் சுரீர் சுரீர் என்று மின்சாரம் அடித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. வலிக்குதா என்று கேட்டார். வளையம் மாட்டிய வாயால் என்னத்தைச் சொல்வது? “ஆ” என்றேன்.

எல்லாம் கழற்றி முகம் பார்க்கிற கண்ணாடியைக் கொடுத்தார்கள். உள்ளே வேறு யாரோ ஒருத்தி இருந்தாள். பட்டையில் எங்கோ நடுவுக்கு வந்துவிட்டேனாம். டாக்டருக்கே ஆச்சரியம். எனக்கு மட்டும் சந்தோஷம் வருவதற்குப் பதிலாகக் குழப்பமாக இருந்தது. இந்தப் பல்லை வைத்துக்கொண்டு நான் எந்த ஊர்?

ஜூன் 17, செவ்வாய்

இரண்டு நாளைக்கு வெள்ளையாக இருப்பதை மட்டும் சாப்பிட வேண்டும். வெள்ளைச் சட்டையில் சிந்தினால் எது கறை பிடிக்குமோ அது எதையும் தொடக்கூடாதாம். நம் வீட்டில் மஞ்சள் போடாமல் என்ன இருக்கிறது? சாம்பார், ரசம், பொரியல், கூட்டு, எல்லாம் போச்சு. டீ, காபி கிடையாது. இட்லி, தேங்காய், தயிர்ச்சோறு, கஞ்சி.

அண்ணனுக்கு இந்தப் பல் விஷயம் எதுவும் தெரியாது. ரெண்டு வேளை பார்த்தார். மூன்றாவது வேளை தட்டை ஒதுக்கிவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“என்ன மாதேசு, பத்தியமா? காமாலையா? கண்ணக் காட்டு.”

“ஒண்ணுமில்லண்ணா.”

“ஒண்ணுமில்லாம எவ கஞ்சி குடிப்பா? காட்டு!”

இமையை இழுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு மஞ்சளாகத்தான் இருக்கிறது என்று அவரே முடிவு செய்துகொண்டார். அரை மணி நேரத்தில் எங்கிருந்தோ கீழாநெல்லியைப் பிடுங்கி வந்து, அரைத்து, மோரில் கலக்கி டம்ளரில் நீட்டினார். பச்சைப் பசேல் என்று இருந்தது. வாங்கிக்கொண்டு பின்பக்கம் போய்க் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். அண்ணி வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு சிரித்தார். அண்ணன் நாளைக் காலையும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 19, வியாழன்

கடையில் ஒரு அம்மா என்னையே பார்த்தார். “புதுசா கண்ணாடி போட்டியாம்மா? மூஞ்சி மாறியிருக்கு.” நான் கண்ணாடியே போடுவதில்லை. முதலாளி தலைமுடி வெட்டியிருக்கிறேனா என்று கேட்டார். என்ன மாறியது என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. எனக்கும்தான். நான்தான் இதுநாள் வரை யாருக்கும் காட்டவே இல்லையே, எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்?

ஸ்டூல் போட்டுவிட்டார்கள். கேட்டதும் போட்டுவிட்டார்கள்! இத்தனை வருஷம் ஏன் கேட்கவில்லை?

வாடிக்கையாளர் பார்க்கிற கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு சிரித்துப் பழகினேன். கையை இடுப்பில் செருகிக்கொண்டு.

ஜூன் 22, ஞாயிறு

வந்தார்கள், போனார்கள். நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன். பிறகு படித்தாலாவது புரிகிறதா பார்ப்போம்.

அவர், அவருடைய அம்மா, தாய்மாமா, மூன்று பேர். அம்மாவுக்குப் பல்செட்டு. சிரித்தால் டக் என்று ஒரு சத்தம் வருகிறது. மாமா வாய் நிறைய வெற்றிலை. அவர் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். போட்டோவில் இருக்கிற அளவுக்குத் திமிர் இல்லை. காதோரம் நரை இருந்தது. நன்றாகத்தான் இருந்தது.

டீ எடுத்துக்கொண்டு போனேன். அவர் தலையை நிமிர்த்தினார், ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் சிரித்தேன். முழுசாக. என் ஜென்மத்தில் ஒரு ஆம்பளை முன்னால் அப்படிச் சிரித்ததில்லை.

அவர் முகம் அறை வாங்கியது போல் ஆகிவிட்டது. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டார். கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்தது போதாதென்று அதை வாய்மேலேயே வைத்துக்கொண்டார். அண்ணன், “ஷிப்டெல்லாம் எப்படிங்க மாப்ள?” என்றார். “ம்.” “லீவு கெடைக்குதுங்களா?” “ம்ம்.”

பேசிவிட்டு வாருங்கள் என்று மொட்டைமாடிக்கு அனுப்பினார்கள். போனில் இருட்டும்வரை பேசிய மனிதரா இது? நானே ஆரம்பித்தேன். “ஸ்டூல் போட்டுட்டாங்க” என்று சொல்லி மறுபடி சிரித்தேன். அவர் திரும்பித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். கையை வாய்மேல் வைத்துக்கொண்டு, “நல்லதுங்க… வெயில் ஜாஸ்திங்க” என்றார். இறங்கிவிட்டார்.

கையை வாய்மேல் வைத்துக்கொண்டு பேசுவது என்ன பழக்கமோ. மரியாதை போலிருக்கிறது.

ஜூன் 25, புதன்

மாமா போன் செய்தார். “பையன் ஆடி கழியட்டுங்கறான், பாப்பம்.” அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

பல் மறுபடி காவியாகிவிடுமோ என்று நான் இன்னும் டீயைத் தொடவில்லை. அன்றைக்கு நான் டீ குடிக்காததுதான் காரணம் என்கிறார் அண்ணன். சீக்குக்காரப் பெண் என்று நினைத்திருப்பார்களாம், கீழாநெல்லியை ஒழுங்காகக் குடித்திருக்க வேண்டுமாம். அண்ணிக்கு வேறு கணக்கு. “பொண்ணு பாக்க வந்த எடத்துல அப்படியா புள்ள பல்லக் காட்டுவ? அடக்கமில்லன்னு நெனச்சிருப்பாங்க.”

“நீங்கதான அண்ணி வெளுத்துக்கச் சொன்னீங்க!”

“வெளுத்துக்கத்தான் சொன்னேன். கடை பரப்பச் சொன்னனா?”

எனக்குத் தலை சுற்றுகிறது. காவியாக இருந்தபோது காவி என்று போனார்கள். வெள்ளையாக இருக்கும்போது என்னவென்று போகிறார்கள்? பல்லுக்குப் பின்னால் வேறு ஏதோ குறை என்னிடம் இருந்திருக்கிறது. இத்தனை நாளும் பல் அதை மறைத்துக்கொண்டிருந்தது போலிருக்கிறது. இனிமேல் சொல்லிக்கொள்ள அதுவும் இல்லை.

ஜூன் 26, வியாழன்

அழவில்லை. பல் கூச்சம்தான் இன்னும் போகவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

போன் போட்டுவிட்டேன். வேண்டாம் என்றால் வேண்டாம், ஆனால் காரணம் எனக்குத் தெரிய வேண்டும். நாலு தடவை அடித்தும் எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை எடுத்தார்.

“என்ன கொறைன்னு சொல்லிட்டு வச்சிடுங்க. நானா ஒண்ணு நெனச்சுக்கிட்டுக் கெடக்க முடியாது.”

“கொறையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க.”

“அப்புறம் என்ன ஆடி?”

மெதுவாகக் கேட்டார். “கேட்டாக் கோவிச்சுக்கக் கூடாது. உண்மையச் சொல்லுங்க. நீங்க எந்த ஊருங்க?”

“என்னது?”

“பாலக்கோடுன்னு சொன்னீங்க. போர் தண்ணின்னு சொன்னீங்க. அந்தத் தண்ணி குடிச்ச பல்லாங்க அது? எங்க மாமாகூடக் கேட்டார், வேற ஊரை மாத்திச் சொல்லிக் கட்டி வெக்கறாங்களான்னு.”

கடவுளே! பல் காவியாக இல்லை என்பதற்காக நான் ஊரை மறைத்த மோசடிக்காரியாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன சொன்னேன் என்று முழுசாக நினைவில்லை. ஊர் பெயர், தெருப் பெயர், மாரியம்மன் கோவில், அடிபம்பு இருந்த இடம் எல்லாவற்றையும் கொட்டினேன். “டாக்டர்கிட்ட போய் வெளுத்தேங்க! போதுமா? உங்களுக்குத் தண்ணிய வச்சுப் பல்ல எடை போடத் தெரியுதே, அதான் போனேன்!”

“நான் எடை போடலீங்க” என்றார். “போர் தண்ணின்னு நீங்க சொன்னதும் எனக்கு எவ்ளோ சந்தோசம் தெரியுங்களா? அப்பாடா, நம்ம மாதிரி ஒரு ஆளுன்னு.”

“நம்ம மாதிரின்னா?”

“நான் ஓசூருக்கு வந்ததே வேலைக்குத்தாங்க. பத்தாவது வரைக்கும் மாரண்டஅள்ளி, உங்க பாலக்கோட்டுக்குப் பக்கந்தாங்க. அம்மா பொறந்த வீடு. போர் தண்ணி.”

“நீங்களுமா?” என்றேன்.

“எத்தன எடத்துல பொண்ணுங்க என் வாயப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க தெரியுங்களா. உங்க போட்டோவப் பாத்ததும் தோணுச்சு, இந்தப் பொண்ணும் நம்மளாட்டம் வாயை மூடி வச்சிருக்குன்னு. அதான் கேட்டேன். அன்னிக்கு நீங்க சிரிச்சீங்க பாருங்க… என் வாய் தானா மூடிக்கிச்சுங்க. இந்தப் பல்லு முன்னாடி நான் எப்படிங்க வாயத் தொறப்பேன்?”

கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. கர்ச்சீப், தண்ணீர்த் தொட்டி, ‘ம்’, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றது. வேறு யார் கண்டுபிடிக்காவிட்டாலும் நான் கண்டுபிடித்திருக்க வேண்டாமா? எனக்குத் தெரியாத வித்தையா அது?

“எனக்காகவாங்க வெளுத்துக்கிட்டீங்க?” என்று கேட்டார்.

“இல்ல. எனக்காக” என்றேன். சரி, இங்கே எழுதுவதற்கென்ன. பாதி.

ஜூலை 2, புதன்

மத்தியானம் ஆள் வராத நேரம். கடைக் கதவு திறந்தது. அவர். ஷிப்ட் மாற்றிக்கொண்டு ஓசூரிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். “கண்ணு டெஸ்ட் பண்ணணும்” என்றார், வாயைத் திறக்காமல்.

“கண்ணுக்கு ஒண்ணும் கேடில்ல. உக்காருங்க” என்று ஸ்டூலைத் தள்ளினேன். “காட்டுங்க.”

“என்னத்தங்க?”

“பல்ல.”

கதவைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். “வேணாங்க, நல்லா இருக்காது.”

“நான் காட்டினேன் இல்ல? காட்டுங்க.”

கண்ணை மூடிக்கொண்டு, ஊசி போட்டுக்கொள்கிற பிள்ளை மாதிரி, ஈ என்று காட்டினார். முன்பல் இரண்டிலும் குறுக்கே பழுப்புக் கோடு. பக்கத்துப் பற்களில் சுண்ணாம்புத் திட்டு. கீழ்வரிசையில் லேசாகக் காவி. அப்படியே என்னுடைய பல். போன மாதம் வரை என் வாய்க்குள் இருந்தது.

“இவ்வளவுதானா?” என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

உண்மையாகவே இவ்வளவுதான். ஒரு கோடு, நாலு திட்டு. ஒரு மனிதர் முகத்தில் அது எங்கேயோ ஒரு ஓரத்தில் இருந்தது. இதற்காகவா பள்ளிக்கூட குரூப் போட்டோவில் கடைசி வரிசையில் போய் நின்றேன்? இதற்காகவா அண்ணன் கல்யாணத்தில் எல்லோரும் சிரித்தபோது நான் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தேன்? எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆத்திரத்தில்தான். யார்மேல் என்று தெரியவில்லை.

அவர் கண்ணைத் திறந்து பார்த்துப் பயந்துபோய்ச் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். “நான்தான் சொன்னேனே, நல்லா இருக்காதுன்னு.”

“மூடாதீங்க” என்றேன். மூக்கைச் சிந்திக்கொண்டேன். “நல்லாத்தான் இருக்கு. சத்தியமா.”

நம்பாமல் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார். கை மேலே வந்தது, பாதியில் நிறுத்திக்கொண்டார். சிரித்தால் ஒரு கன்னத்தில் குழி விழுகிறது. போட்டோவில் அது தெரியவே இல்லை.

“அந்த டாக்டர் அட்ரஸ் குடுங்க. நானும் போய் வெளுத்துக்கறேன். ஜோடிப் பொருத்தம் இருக்கணும் இல்ல” என்றார்.

“போங்க, வேணாங்கல. கொஞ்ச நாள் கழிச்சுப் போங்க” என்றேன். “என்னோட பழைய பல்லோட நான் சிரிச்சு ஒருநாளும் பாத்ததில்லீங்க. உங்களோடதையாச்சும் பாத்துக்கறேன்.”